குறை: அடிப்பக்கம் கொஞ்சம் கருகல்

தன் சரக்கைத் தானே திட்டி விற்ற வியாபாரி இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் லேபிள் அண்ணாத்த. 'இந்தியாவிலேயே' என்று எழுதிவிட்டு ஒரு நிமிடம் யோசித்தேன். நான் இந்தியா முழுக்கப் பார்த்ததில்லை. சரி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

அப்போது நாங்கள் அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவருக்கு வேலை பக்கத்து அணுமின் நிலையத்தில். எனக்கு வேலை வீட்டிலேயே: மூன்று வயது மகள் இனியாவைப் பற்றிக் கவலைப்படுவது. வாரத்தில் நான்கு நாள், காலை ஏழரை மணிக்கு, மாமல்லபுரத்திலிருந்து ஒரு பழைய மொபெட் வரும். பின்னால் ஒரு நீல நிற மீன் கிரேட். அதைக் கழுவித் துடைத்து வெள்ளைத் துணி விரித்திருப்பார். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் கிரேட்டின் மேல் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும்: "முன்னாடி மீன் வெச்சது. ஏழு தபா கழுவிகீது."

கிரேட்டுக்குள் பழுப்புக் காகிதம் சுற்றிய புளிப்பு ரொட்டிகள். கடைகளில் சவர்டோ என்று சொல்வார்களே, அது. ஈஸ்ட் போடாமல், தினமும் தீனி போட்டு வளர்க்கிற புளித்த மாவை வைத்தே பொங்கச் செய்வது. ஒவ்வொரு ரொட்டியின் மேலும், பள்ளிக்கூட நோட்டில் ஒட்டுகிற லேபிள் ஒன்று இருக்கும். 'பெயர்' என்று அச்சடித்த இடத்தில் "புளிப்பு ரொட்டி". 'வகுப்பு' என்ற இடத்தில் "ரெண்டாவது ஈடு". 'பாடம்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு 'குறை' என்று எழுதிக்கொள்வார்.

"குறை: அடிப்பக்கம் கொஞ்சம் கருகல். போன் பேசிகினு இருந்தேன்."

"குறை: நடுவுல ஒரு ஓட்டை. எலி இல்ல, காத்து."

ஒரு நாள் ஒரே ஒரு ரொட்டியில், "குறை: எனக்கே புடிக்கல."

அன்றைக்கு அந்த ரொட்டிக்குத்தான் அடிதடி.

அவருடைய உண்மையான பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியாக இருப்பார். சட்டைப் பையில் பேனா, மார்க்கர், ஒரு பூதக்கண்ணாடி. மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் தங்குகிற விடுதி ஒன்றின் சமையலறையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். விடுதியை மூடியபோது மற்றவர்கள் மிக்சி, குக்கர் என்று ஆளுக்கொன்று எடுத்துப் போனார்களாம். இவர் மூலையில் இருந்த புளித்த மாவு ஜாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக் கொல்லையில் ஒரு செங்கல் அடுப்பு கட்டி, சவுக்கு விறகில் ரொட்டி சுட ஆரம்பித்தார். அந்த ஜாடிக்கு அவர் வைத்த பெயர் பெரியம்மா.

"ஏன் அண்ணா, அம்மான்னே வெச்சிருக்கலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெக்கலாம்தான். ஆனா எங்கம்மா வூட்ல கீறாங்களே. கோச்சிப்பாங்க."

இவ்வளவும் பிறகு தெரிந்தது. நான் அவரை முதன்முதலில் பார்த்தது அவருடைய எதிரியின் கடையில்.

கடற்கரைச் சாலையில் புதிதாக ஒரு பேக்கரி வந்திருந்தது. சுற்றிலும் கண்ணாடி, உள்ளே ஏ.சி., சன்னமாகப் பாட்டு. இனியாவுக்கு வயிற்றுப் பிரச்சினை. மூன்று நாளுக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக் கழிப்பறையில் பெரிய நாடகம் நடக்கும். சவர்டோ எளிதில் செரிக்கும் என்று எங்கோ படித்தேன். சரியாகத்தான் படித்தேனா என்று மறுபடி படித்தேன். பிறகு அந்தக் கண்ணாடிக் கடையில் வாங்க ஆரம்பித்தேன். அதோடு விட்டேனா? எங்கள் குவார்ட்டர்ஸ் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டு, இருபத்தாறு பேரையும் வாங்க வைத்தேன். என் வாழ்க்கையில் இருபத்தாறு பேர் நான் சொன்னதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினால், பக்கத்தில் ஒருவர் அதே ரொட்டியை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், இத்த படிச்சிகிறீங்களா?"

"படிச்சேனே. பாரம்பரிய சவர்டோ. நாற்பத்தெட்டு மணி நேரம் பொறுமையாகப் புளிக்கவைத்ததுன்னு போட்டிருக்கு."

"அது முன்பக்கம். பின்பக்கம் வாங்க."

பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். பின்பக்கம், எறும்பு எழுதியது போன்ற எழுத்தில் பொருள்கள்: மைதா, சர்க்கரை, ஈஸ்ட், வினிகர், நிறமி.

"நாப்பத்தெட்டு மணி நேரம் பொறுமையா குந்திகினு இருக்கறவனுக்கு ஈஸ்ட்டு எதுக்கு? சரி, ஈஸ்ட்ட போட்டான். ரெண்டு மணி நேரத்துல பொங்கிடுச்சி. புளிப்புக்கு வினிகர ஊத்திட்டான். மீதி நாப்பத்தாறு மணி நேரம் இன்னா பண்ணிகினு இருந்தான், கேரம் ஆடினானா?"

ஏப்ரன் கட்டிய மேனேஜர் ஓடி வந்தார். சின்னப் பையன் மாதிரி முகம், பாவம். "சார், வாங்கறதுன்னா வாங்குங்க. டெய்லி வந்து படிச்சிட்டுப் போறீங்க. இது இன்னா லைப்ரரியா?"

"லைப்ரரில கத புக்க தனி ரேக்குல வெப்பாங்க தம்பி."

நான் ரொட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இருபத்தாறு பேர். அவர்களில் ஒருத்திக்கு இரட்டைக் குழந்தைகள் வேறு. பஸ்ஸில் வரும்போதே மன்னிப்புக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். 'தவறான தகவல்' என்று எழுதி, அது கடுமையாக இருக்கிறதே என்று அழித்து, 'சிறு திருத்தம்' என்று எழுதி, அது மழுப்பலாக இருக்கிறதே என்று அழித்து, கடைசியில் லேபிளின் பின்பக்கத்தை மட்டும் எழுதி அனுப்பினேன். ஒருத்தி பதில் போட்டாள்: "பரவால்ல சிஸ், டேஸ்ட் நல்லாதான் இருக்கு." அவளை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் மொபெட்டை மறித்து நானும் ஒரு ரொட்டி கேட்டேன். அன்றிலிருந்து லேபிள் அண்ணாத்த எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தார். எனக்குப் 'பாப்பாம்மா' என்று பெயர் வைத்தார். நான்தான் பாப்பாவுக்கு அம்மா ஆயிற்றே. ரொட்டியோடு கதைகளும் வந்தன.

அவருடைய மொபெட்டில் கம்பெனிக்காரன் ஒட்டிய மைலேஜ் ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, மார்க்கரில் "எறக்கத்துல நாப்பது, ஏத்தத்துல தள்ளணும்" என்று எழுதியிருந்தார். மாமல்லபுரத்துச் சிற்பக் கடைகளில் 'கையால் செதுக்கியது' என்ற அட்டையைப் பார்த்தால் நின்றுவிடுவார். உள்ளே போய், செதுக்கியவரின் கையைக் காட்டச் சொல்வார். கையில் காய்ப்பு இருந்தால் கும்பிட்டுவிட்டு வருவார். இல்லாவிட்டால் டீக்குக்கூட நிற்க மாட்டார். செய்யூரில் இருக்கிற அவர் அக்கா, மகள் கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்கிற முன்னால் இவரிடம் காட்டியிருக்கிறார். மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று இருந்ததாம்.

"ரெண்டு பேப்பரு அரியர் கீதேக்கா. அத்தயும் போட்டுட வேண்டிதான?"

அக்கா ஒரு மாதம் பேசவில்லை. பிறகு, தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் எப்படி நடக்கும் என்று அவரே கூப்பிட்டுவிட்டார். அந்தக் கல்யாணத்தில்தான் என் சனி தொடங்கியது.

அதற்குள் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு போர் மூண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வளாகத்துக்குள் ஒரு சின்னச் சந்தை நடக்கும். அதை நடத்தியவர் செயலாளர் மேடம். கணக்கு டீச்சராக இருந்தவர். சந்தையில் ஒரு பொருளுக்கு ஒரு கடைதான், அது அவர் வைத்த சட்டம். ரொட்டி என்றால் லேபிள் அண்ணாத்த. இப்போது கண்ணாடிக் கடையும் அதே இடத்தைக் கேட்டு மனு கொடுத்தது. வளாகத்துக்குள் வாரநாள் விற்பனையும் சந்தையில் இடம் பெற்றவருக்கே என்று மேடம் சொல்லிவிட்டார்.

"அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் லேபிளோட வாங்க. யார் லேபிள் உண்மையோ அவங்களுக்கு இடம்."

இது அண்ணாத்தவுக்கு விளையாட்டு இல்லை. மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வருவது வருடத்தில் நான்கைந்து மாதம்தான். மீதி மாதங்களில் அவர் அடுப்பு எரிவது எங்கள் குவார்ட்டர்ஸால். இந்த இடம் போனால், பெரியம்மாவை வைத்துக்கொண்டு அவர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

இந்த நிலைமையில்தான் அவர் ஒரு வியாழக்கிழமை காலை ஜாடியோடு என் வாசலில் நின்றார். "செய்யூர்ல கல்யாணம் பாப்பாம்மா. திங்கக்கெழமதான் வருவேன். பெரியம்மாவ நீங்கதான் பாத்துக்கணும். எல்லாத்தயும் எழுதி வெச்சி செய்யற ஆளு நீங்க."

எனக்குப் பெருமையில் தலை சுற்றியது. பயத்திலும் சுற்றியது. ஜாடியின் மேல் லேபிள்: "காலைல ஆறு மணிக்கு பாதிய எடுத்துக் கொட்டணும். கொட்டின அளவுக்கு மாவும் தண்ணியும் போடணும். வேற எதுவும் வேணாம். குறை: சில நேரம் மொறச்சிக்கும்."

'வேற எதுவும் வேணாம்' என்பதற்கு அடியில் கோடு வேறு போட்டிருந்தார்.

முதல் நாள் காலையில் எல்லாம் சரி. அன்று மதியம் வெயில் அதிகமாக இருக்கிறதே என்று ஜாடியை ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, குளிர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று வெளியே எடுத்தேன். அடுப்பு மேடையில் சூடு. டைனிங் டேபிளில் இனியா கை. மறுபடி ஃப்ரிட்ஜ். மறுபடி வெளியே. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பெரியம்மா எங்கள் வீட்டில் ஒன்பது இடம் மாறியிருந்தார். யாராக இருந்தாலும் முறைத்துக்கொள்வார்கள்தானே.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மூடியைத் திறந்தேன். ஒரு குமிழி இல்லை. மாவு அடியில் தட்டையாகக் கிடந்தது. மேலே தேன் நிறத்தில் தண்ணீர் நின்றது. நெயில் பாலிஷ் வாசனை குப்பென்று வந்தது. செத்துப்போன மாவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பக்கத்தில் நான் முந்தின நாள் ஆட்டிவைத்த இட்லி மாவு, பாத்திரத்தின் மூடியைத் தள்ளிவிட்டு மேடையில் வழிந்துகொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் எந்தச் சமையலறையிலும் இந்த இடத்தில் ஒரு கை தானாக நீளும். மாவு புளிக்கவில்லையா, பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துக் கலக்கு. என் அம்மா செய்தார், மாமியார் செய்கிறார், நானும் குளிர் நாட்களில் செய்வேன். யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. நான் யோசிக்காமல் செய்த காரியங்கள் என் வாழ்க்கையில் மிகக் குறைவு. அதில் ஒன்று இது. ஒரு ஸ்பூன் இட்லி மாவை எடுத்தேன், பெரியம்மாவுக்குள் கலக்கினேன்.

மதியத்துக்குள் பெரியம்மா ஜாடி விளிம்புக்கு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை அண்ணாத்த வந்து ஜாடியைப் பார்த்தார். கண் விரிந்தது. "இன்னா பாப்பாம்மா இது! கல்யாண வூட்ல நாலு நாளு துன்னுட்டு வந்தவன் நானு. குண்டானது பெரியம்மாவா!"

"அண்ணா, அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. உங்க கை அப்படி." கண்ணே கலங்கிவிட்டது அவருக்கு. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தேன்.

மறுநாள் ரொட்டி வந்தது. மேல் ஓடு மொறுமொறு, உள்ளே மெத்து. லேபிளில், "குறை: தேடிகினு கீறேன்." பிறந்ததிலிருந்து ரொட்டி ஓரத்தைத் தொடாத இனியா, ஓரத்தோடு இரண்டு துண்டு தின்றாள். அடுத்த நாள் காலை எங்கள் கழிப்பறையில் நாடகம் இல்லை. இதற்கு இவ்வளவு சந்தோஷப்படுவது ஒரு தாயால்தான் முடியும். விவரம் வேண்டாம்.

ஆனால் ஒவ்வொரு லேபிளிலும் அவர் கையெழுத்து என்னைப் பார்த்தது: "மாவு, தண்ணி, உப்பு. வேற எதுவும் இல்ல." அந்தக் கண்ணாடிக் கடைக்காரனாவது எறும்பு எழுத்தில் உண்மையைப் பின்பக்கம் எழுதியிருந்தான். நான் அதுகூடச் செய்யவில்லை. வாட்ஸ்அப்பில் அவருக்கு எழுதிப் பார்த்தேன். 'அண்ணா, ஒரு விஷயம்' என்று தொடங்கி அழித்தேன். 'நீங்கள் கோபப்படக் கூடாது' என்று தொடங்கி அழித்தேன். வெள்ளிக்கிழமை அவரே கேட்டார்.

"இன்னா பாப்பாம்மா, ரெண்டு நாளா உங்க பேருக்குக் கீழ டைப்பிங், டைப்பிங்னு வருது. மெசேஜு மட்டும் வரல. போனு ரிப்பேரா?"

"ஆமாண்ணா. ரிப்பேர்."

இப்போது பொய் இரண்டாகிவிட்டது.

என் கணவரிடம் சொன்னேன். "சொல்லிடு," என்றார். அவர் வேலை செய்கிற இடத்தில் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. எனக்கு மட்டும் இருக்கிறதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சந்தையில் ஒரு பக்கம் கண்ணாடிக் கடை மேனேஜர், பளபளக்கிற பைகளோடு. இன்னொரு பக்கம் அண்ணாத்த, மீன் கிரேட்டோடு. நடுவில் செயலாளர் மேடம், நாற்காலியில். சுற்றிலும் இருபத்தாறு அம்மாக்கள், அவர்கள் கணவர்கள், குழந்தைகள். நான் இனியாவைத் தூக்கிக்கொண்டு பின்வரிசையில் நின்றேன். அவள் கையில் ரொட்டி ஓரம்.

மேடம் முதலில் கண்ணாடிக் கடைப் பையை எடுத்தார். அண்ணாத்த மரியாதையாகப் பூதக்கண்ணாடியை நீட்டினார். மேடம் முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார், கண்ணாடியை இறக்கினார்.

"ஈஸ்ட், வினிகர் ரெண்டும் போட்டுட்டு இதுக்கு எப்படிப்பா இந்தப் பேரு?"

மேனேஜர் நெளிந்தார். "பேரு ஹெட் ஆபீஸ்ல வெக்கறது மேடம். நான் விக்கறதோட சரி." பிறகு ரோஷம் வந்துவிட்டது. "எங்களையே கேக்கறீங்களே. அவர் இன்னா போடறார்னு யாருக்குத் தெரியும்? பேனா இருந்தா யாரு வேணா இன்னா வேணா எழுதலாம்."

அண்ணாத்த ஒரு ரொட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார். "மாவு, தண்ணி, உப்பு. இதுல ஒரு எழுத்து பொய்யின்னு யாராவது சொல்லட்டும். இந்த கேட்டுக்குள்ள இனிமே நான் கால் வெக்க மாட்டேன்."

எல்லோருக்கும் தெரியும், அவர் லேபிளில் பொய் இருக்காது. இனியா மென்றுகொண்டிருந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. சும்மா இருந்தால் அவருக்கு இடம் கிடைத்துவிடும். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. நான் சும்மா இருந்திருக்கலாம். இப்போதும் சில நாள் அப்படி நினைக்கிறேன்.

"நான் இட்லி மாவு போட்டுட்டேன்," என்றேன்.

கூட்டமே திரும்பியது. அண்ணாத்த ரொட்டியை இறக்கினார்.

"இன்னா போட்டீங்க?"

"நீங்க கல்யாணத்துக்குப் போனப்ப பெரியம்மா செத்துட்டாங்கன்னு நினைச்சேன் அண்ணா. மேல தண்ணி நின்னுது. நெயில் பாலிஷ் வாசனை வந்துது."

"அது பசி பாப்பாம்மா! பசிச்சா அப்படித்தான் நாறும்! செத்தா இன்னும் நாறும்!"

"எனக்குத் தெரியலையே."

"எத்தினி ஸ்பூனு?"

"ஒண்ணு."

"இன்னா அரிசி?"

"இட்லி அரிசி. நாலுக்கு ஒண்ணு உளுந்து." கொஞ்சம் தயங்கினேன். சொல்வதுதான் சொல்கிறோம், முழுதாகச் சொல்லிவிடுவோம். "கொஞ்சம் வெந்தயமும்."

"வெந்தயம் வேறயா!"

இந்த இடத்தில் என் கணவர் முன்னால் வந்தார். மனைவியைக் காப்பாற்ற வருகிறார் என்று நினைத்தேன். காப்பாற்றத்தான் வந்தார், அவர் வழியில். "ஒரு நிமிஷம். ஒரு ஸ்பூன் போட்டது போன சனிக்கிழமை. தினம் பாதியைக் கொட்டிட்டு புது மாவு சேர்க்கறீங்க. எட்டு நாள், எட்டு தடவை பாதி. இப்ப இருக்கறது இருநூத்தி அம்பத்தாறுல ஒரு பங்குதான்." பக்கத்திலிருந்த நான்கு எஞ்சினியர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மொபைலில் சரிபார்த்தார். எங்கள் குவார்ட்டர்ஸில் எதையும் பாதி பாதியாகக் குறைத்துக் கணக்குப் போட ஆள் பஞ்சமே கிடையாது. "ஸோ, நடைமுறையில் அது இல்லைன்னே சொல்லலாம்."

அண்ணாத்த அவரை நிமிர்ந்து பார்த்தார். "இருநூத்தி அம்பத்தாறுல ஒரு பங்கு பொய்யும் பொய்தான சார்?"

பிறகு சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்தார். தரையில் குந்தினார். கிரேட்டில் இருந்த முப்பது ரொட்டியையும் ஒவ்வொன்றாக எடுத்து, 'வேற எதுவும் இல்ல' என்பதை அடித்துவிட்டு, எழுதினார்: "அரிசி, உளுந்து, வெந்தயம். ரொம்பக் கொஞ்சம். பாப்பாம்மா உபயம்." அன்று காலை ஏற்கெனவே வாங்கிப் போனவர்களைக் கூப்பிட்டனுப்பி, பாதி தின்ற ரொட்டிகளின் காகிதத்திலும் எழுதினார். ஒருவர் காகிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டிருந்தார். அண்ணாத்த குப்பைத் தொட்டி வரைக்கும் போய் அதை எடுத்துத் திருத்தினார்.

செயலாளர் மேடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜரிடம் கேட்டார், "நீங்களும் இப்பவே திருத்தறீங்களா? மார்க்கர் இருக்கு."

"ஹெட் ஆபீஸ்ல கேக்கணும் மேடம்."

"அப்ப இடம் அவருக்கு."

எல்லோரும் கைதட்டினோம். நான் இனியாவின் கையையும் சேர்த்துத் தட்டினேன். ஆனால் அண்ணாத்த கிரேட்டை மொபெட்டில் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க? இடம் உங்களுக்குத்தான்," என்றார் மேடம்.

"சொன்ன சொல்லு ஒண்ணு கீதே மேடம். ஒரு எழுத்து பொய்யின்னா உள்ள கால் வெக்க மாட்டேன்னேன். இருந்துச்சே."

"அதான் திருத்திட்டீங்களே!"

"லேபிள திருத்தலாம். சொன்னத எப்படித் திருத்தறது?"

என் பக்கம் திரும்பவில்லை. மொபெட்டைத் தள்ளிக்கொண்டே கேட்டுக்கு வெளியே போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து, மீதியிருந்த இட்லி மாவை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு அழுதேன். அன்று இரவு சப்பாத்தி.

திங்கள் வரவில்லை. செவ்வாய் காலை ஏழரைக்கு ஒரு ஹாரன் சத்தம் தூரத்தில் கேட்டது. விட்டு விட்டு, பொறுமையில்லாமல். இனியாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மெயின் கேட் உருளுகிற இரும்புத் தண்டவாளத்துக்கு வெளியே, சரியாக ஒரு விரல் தள்ளி, மொபெட்டின் முன்சக்கரம் நின்றது. செக்யூரிட்டி குனிந்து அந்த ஒரு விரல் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாத்த தண்டவாளத்துக்கு வெளியே நின்றபடி, இடுப்பை வளைத்து, கையை மட்டும் உள்ளே நீட்டினார். கையில் ரொட்டி.

"கால்தான வெக்க மாட்டேன்னேன். ரொட்டிக்குக் கால் ஏது?"

"அண்ணா, மன்னிச்சிடுங்க."

"எத்துக்கு? சொல்லாம வுட்டிருந்தா மன்னிக்கறத பத்தி யோசிச்சிருப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த இட்லி அரிசி எந்தக் கடைல வாங்கினது? அதான் மெத்துனு வருதுன்னு நெனைக்கறேன்."

லேபிளைப் பார்த்தேன். அரிசி, உளுந்து, வெந்தயம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கீழே, "குறை: வாங்கறவங்க நடக்கணும்."

நடந்தோம். செயலாளர் மேடம்தான் முதலில் நடந்தார், அடுத்த ஞாயிறு சந்தையின் மேஜைகளில் ஒன்றைக் கேட்டுக்கு வெளியே தூக்கி வைக்கச் சொல்லிவிட்டு. வெளியே அவர் சட்டம் செல்லாது என்பதால் மேஜைக்கு யாரும் மனு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் ஏழரைக்கு இருபத்தாறு அம்மாக்களும் கேட்டுக்கு நடந்ததில் எங்களில் பலருக்குச் சர்க்கரை குறைந்தது என்று நான் நம்புகிறேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கடையில் இரண்டு மாதம் கழித்து 'சவர்டோ' என்பதற்குப் பக்கத்தில் 'சுவை' என்று ஒரு குட்டி ஸ்டிக்கர் வந்தது. அதை ஒட்டின மேனேஜர், சனிக்கிழமைகளில் டூட்டிக்குப் போகிற வழியில் எங்கள் கேட்டில் வண்டியை நிறுத்தி, அண்ணாத்தவிடம் ஒரு ரொட்டி வாங்கிப் போவார். ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார்.

போன வருடம் என் கணவருக்கு மாற்றல் வந்தது. நாங்கள் ஏறியிருந்த சாமான் லாரி கேட்டைத் தாண்டியபோது அண்ணாத்த மறித்து நின்றார். தண்டவாளத்துக்கு வெளியேதான். என் மடியில் ஒரு சின்ன ஜாடியை வைத்தார். மூடியில் நோட்டு லேபிள்.

"பெயர்: பெரியம்மா பொண்ணு. வகுப்பு: மொத ஈடு. பொருள்: மாவு, தண்ணி, அரிசி, உளுந்து, வெந்தயம். குறை: ஊர வுட்டுப் போவுது."

இந்த ஊரில் கடல் இல்லை. காலை ஆறு மணிக்குப் பெரியம்மா பெண்ணுக்குத் தீனி போடுகிறேன். ஒரே இடத்தில்தான் வைத்திருக்கிறேன். கண்ணாடி ஜாடி இரண்டு முறை மாறிவிட்டது. லேபிளை மட்டும் ஆவி காட்டி உரித்து, புது ஜாடியில் ஒட்டிவிடுகிறேன். அவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று வாட்ஸ்அப்பைத் திறப்பேன். எழுதுவேன், சரியில்லை என்று அழிப்பேன், மறுபடி எழுதுவேன், அழிப்பேன்.

நேற்றும் அப்படித்தான் பத்து நிமிடம் எழுதி எழுதி அழித்துவிட்டு, ஒன்றும் அனுப்பாமல் ஃபோனைக் கீழே வைத்தேன். உடனே மணி அடித்தது. அவரிடமிருந்து ஒரே வரி:

"நானுந்தான் பாப்பாம்மா."